எட்டு நாள் வான் வண்டிப் பயணம்: எந்தப் பழைய புத்தகங்களைக் கொண்டுபோகலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். ஓகஸ்ட் லீவுக்கு திருகோணமலையிலிருந்து வானில் வெளிக்கிடுகிறீர்கள். மூதூர் வழியாக மட்டக்களப்பு, அங்கிருந்து பொலன்னறுவை, தம்புள்ளை, அநுராதபுரம், மன்னார், யாழ்ப்பாணம், பிறகு வவுனியாவால் வீடு. எட்டு நாள். நீங்கள், மனைவி, எழுபது தாண்டிய அப்பா, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே வராமல் நல்ல நூல்களோடு வரவேண்டும் என்பது உங்கள் ஆசை. அதற்காகப் பதினொரு புத்தகம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், கம்பராமாயணம் இரண்டு தொகுதி, திருக்குறள், டால்ஸ்டாயின் போரும் அமைதியும், டான் குயிக்ஸாட், மோபி டிக். இதில் எதை விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்பதை விடலாம். பொன்னியின் செல்வனில் இரண்டாம் பாகம் வரட்டும், திருக்குறள் வரட்டும். மற்றவை வீட்டில் இருக்கட்டும். அவை குறைந்த நூல்கள் என்பதற்காக இல்லை. கம்பனில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு இருக்கிறது, மோபி டிக்கில் 135 அத்தியாயம் இருக்கிறது. அவற்றுக்கு ஒரு மாரிகாலம் முழுக்க வேண்டும். பயணத்தில் எடுத்தால் முப்பதாம் பக்கத்தில் நிற்கும், வீட்டுக்கு வந்த பிறகு அந்த முப்பது பக்கமும் மறந்துபோகும். ‘தொடங்கி விட்டுவிட்டேன்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் பிள்ளைகள் பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பாடசாலை நூலகம் ஒன்றில் இருபத்தைந்து வருடம் இருந்தவன் நான், இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தின் பெருமையைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், போகிற பாதையைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். எந்த மண்ணில் வானின் சில்லு ஓடப்போகிறதோ, அந்த மண்ணில் நடந்த கதை உள்ள நூலை எடுங்கள். அதுவும் முழு நூல் வேண்டாம், அந்த இடத்துக்குரிய பகுதி போதும். உங்கள் பாதைக்கு அப்படி நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன.

முதலாவது ரொபேர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகம். இலங்கையைப் பற்றி 1681இல் லண்டனில் அச்சானது. அதை நீங்கள் எடுத்து வைக்காதது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் உங்கள் பயணப் பாதை கிட்டத்தட்ட அந்த மனிதனின் கதைதான். ஆன் என்ற கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கப்பல் தலைவனையும் அவன் மகனையும் கூட வந்தவர்களையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன்தான் நூலை எழுதியவன். அப்போது வயது பத்தொன்பது. மூதூரில் ஒரு புளியமரத்தோடு இந்தக் கதையைச் சேர்த்து, வெள்ளைக்காரனின் மரம் என்று சொல்லுவார்கள். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனான். தானும் காய்ச்சலில் கிடந்த மகன்தான் தகப்பனைப் புதைத்தான்.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கேள்விக்கே நேராக வரும். நொக்ஸிடம் சிறையில் இரண்டே இரண்டு புத்தகம் இருந்தது, இரண்டும் பக்தி நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனப்பாடமாக்கிவிட்டான். ஒருநாள் ஓடைக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கிழவர் அவ்வழியே வருகிறார். இவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று இவனுடைய வேலைக்காரப் பையனிடம் விசாரிக்கிறார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த நேரத்தில் தன் கையில் அகப்பட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது, விற்கப்போகிறேன் என்கிறார். வாங்கித் திறந்து பார்த்தால் ஆங்கில வேதாகமம். நொக்ஸிடம் அவசரத்துக்கென்று வைத்திருந்தது ஒரே ஒரு பொற்காசு. அதைக் கொடுத்துவிடக்கூடத் துணிந்தான். பையன்தான் தடுத்து, பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கச் செய்தான். அந்தப் பக்கத்தை உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு புத்தகத்துக்காக ஒரு மனிதன் கையிருப்பு முழுவதையும் கொடுக்கத் தயாராக நின்றான் என்று, அவன் பிடிபட்ட ஊரிலேயே உட்கார்ந்து கேட்டால் அது மனதில் நிற்கும்.

அவன் அங்கே பத்தொன்பது வருடத்துக்கு மேல் இருந்தான். தொப்பி பின்னினான், சில்லறைச் சாமான் சுமந்து விற்றான், விற்கிற சாட்டில் வடக்கே போகும் வழிகளைப் பார்த்து வைத்துக்கொண்டான். 1679இல் நண்பன் ஒருவனோடு அநுராதபுரம் வரை வந்து, மல்வத்து ஓயா ஓரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அந்த ஆற்றைத்தான் மன்னார்ப் பக்கத்தில் அருவியாறு என்கிறோம். நீங்களும் அநுராதபுரத்திலிருந்து மன்னாருக்குத்தானே போகிறீர்கள்? கொஞ்சம் தெற்கே திரும்பினால் அரிப்புக் கோட்டையின் இடிபாடு கடலோரம் நிற்கிறது. முதல் நாள் மூதூரில் தொடங்கிய கதையை ஐந்தாம் நாள் அங்கே போய் முடிக்கலாம். வேறெந்த நாவலும் உங்களுக்கு இப்படி அமையாது. நூல் நான்கு பகுதி, உங்களுக்கு வேண்டியது நான்காவது. பழைய ஆங்கிலம், வசனங்கள் நீளமானவை. அதனால் முதல் நாள் இரவில் நீங்கள் வாசித்துவிட்டு மறுநாள் தமிழில் சொல்லுங்கள். குட்டன்பேர்க் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுக்கலாம்.

இந்தச் ‘சொல்லுங்கள்’ என்பதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓடுகிற வானுக்குள் குனிந்து வாசித்தால் பாதிப் பேருக்குத் தலைசுற்றும். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உட்காதோ வண்டி ஆடுவதை உணர்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு புரட்டுகிறது. உங்கள் மகன் ஏற்கெனவே பஸ்ஸில் சத்தி எடுக்கிற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து அமைதியாக வாசிக்கச் சொல்லும் திட்டம் சீனக்குடா தாண்டமுதலே முடிந்துவிடும்.

எங்கள் கோயில்களில் புராணப் படிப்பு எப்படி நடக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். ஒருவர் பாட்டை இழுத்துப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்லுவார். கேட்கிறவர்கள் கையில் ஏடு இருக்காது. கந்தபுராணத்தை எழுத்தறியாதவர்களும் தெரிந்து வைத்திருந்தது இப்படித்தான். அதையே வானுக்குள் செய்யுங்கள். தலைசுற்றாதவர் ஒருவர் நாலு வரி படிக்கட்டும், அப்பா பயன் சொல்லட்டும், மற்றவர்கள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு கேட்கட்டும். அதற்குப் பொருந்துகிற நூல்தான் வானுக்குள் வரவேண்டும். சிறு துண்டுகளாக வெட்டக்கூடியதும், வாய்விட்டுப் படித்தால் காதுக்கு இனிப்பதுமான நூல்.

சிலப்பதிகாரம் அப்படியானது. மட்டக்களப்புக்குப் போகிற நாளில் அதை எடுங்கள், ஏனென்றால் அந்த மண்ணில் கண்ணகி இன்னும் அம்மன். வைகாசியில் கோயில் கதவு திறந்து கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். உங்கள் பயணம் ஓகஸ்டில் என்பதால் அதைக் காணக் கிடைக்காது, ஆனாலும் வழியில் கோயில்களைக் காட்டலாம். முழுக் காப்பியமும் வேண்டாம். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்து போகிற நாடுகாண் காதையும் காடுகாண் காதையும் போதும். இரண்டும் முழுக்க முழுக்க வழிப்பயணம். காடுகாண் காதையில் ஒரு மறையவர் வந்து மதுரைக்கு மூன்று வழி இருக்கிறது, இதில் போனால் இது வரும், அதில் போனால் அது வரும் என்று விவரமாகச் சொல்லுகிறார்.

ஆனால் நான் இந்தக் காப்பியத்தில் மிகவும் நேசிக்கிற இடம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். புகாரை விட்டு அதிக தூரம் போகவில்லை. வீட்டை விட்டு நடந்தறியாத கண்ணகிக்கு அடி நோகிறது, மூச்சு வாங்குகிறது. அப்போது கேட்கிறாள், “மதுரை மூதூர் யாது?” அதாவது, மதுரை எந்தப் பக்கம், இன்னும் எவ்வளவு தூரம்? கோவலன் சிரித்துக்கொண்டு, “ஆறைங்காதம்தான், கிட்டத்தான்” என்கிறான். ஆறைங்காதம் என்றால் ஆறு ஐந்து முப்பது காதம். ஆனால் காதில் விழும்போது ஏதோ ஆறு, ஐந்து காதம் போலக் கேட்கும். அவள் சோர்ந்துவிடக்கூடாது என்று அப்படிச் சொன்னான் என்று பாடம் சொன்னவர்கள் எங்களுக்கு விளக்குவார்கள். உங்கள் மகன் கிண்ணியா வருமுன்னே “அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கத்தான் போகிறான். அந்த நேரம் பார்த்து இதைச் சொல்லுங்கள். நீங்கள் போகிற ஊரின் பெயரும் மூதூர் என்பதை அவனே கண்டுபிடிக்க விடுங்கள்.

மூதூருக்கு இன்னொரு புத்தகமும் உண்டு. வ. அ. இராசரத்தினம் அந்த ஊர்க்காரர், அவருடைய ‘தோணி’ தொகுப்பு 1962இல் வந்தது. தலைப்புக் கதை, சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் கடற்கரைப் பிள்ளையைப் பற்றியது. நான் அதை முதலில் வாசித்தது 1970களில், கிண்ணியாத் துறையில். அப்போது பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. மட்டக்களப்புக்கு இந்த வழியால் போவதென்றால் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காக, அதாவது வண்டிகளை அக்கரை சேர்க்கிற மிதவைக்காக, காத்திருக்க வேண்டும். பஸ், மாட்டுவண்டி, சைக்கிள், மீன்கூடை எல்லாம் அதில் ஏறும். அன்றைக்குப் பாதை அக்கரையில் நின்றது. அப்பா வெற்றிலைச் சரையை விரித்துக்கொண்டு, “வர இன்னும் நேரமிருக்குது, வாசி” என்றார். நான் தண்ணீருக்கு இரண்டு அடி தள்ளிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியில் சாய்ந்துகொண்டு வாசித்தேன். பலகை இடுக்கில் பூசியிருந்த குங்கிலியம் வெயிலில் இளகிச் சட்டையில் ஒட்டிவிட்டது. கதை முடிந்து நிமிர்ந்தபோது அந்தத் தோணியை வேறு மாதிரிப் பார்த்தேன். அதைச் செய்த கையை, அதற்காகச் சேர்த்த காசை நினைத்தேன். நல்ல கதையை அதன் இடத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த ஒரு மத்தியானம்தான் காரணம். மகளுக்கு இந்தக் கதையைக் கொடுங்கள். பதின்மூன்று வயதுக்குச் சரியாக இருக்கும். கிண்ணியாப் பாலம் கடந்ததும் வானை ஓரமாக நிறுத்துங்கள், அரை மணித்தியாலம் போதும்.

சரி, பொன்னியின் செல்வன். ஏன் இரண்டாம் பாகம் மட்டும் என்றால், ‘சுழற்காற்று’ என்ற அந்தப் பாகத்தில்தான் வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் ஈழத்துக்கு வருகிறான். தம்புள்ளையும் அநுராதபுரமும் வருகின்றன. முதல் பாகத்தின் கதையை மனைவி ஒரு மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார், நாவல் பிரியை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். பொலன்னறுவையில் தொல்பொருள்காரர் இரண்டாம் சிவதேவாலயம் என்று எண்ணிட்ட கற்கோயிலுக்கு மறக்காமல் போங்கள். சோழர் கட்டியது. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பது அதன் பழைய பெயர்.  இராஜராஜனின் தாய்க்கும் அந்தப் பெயர்தான். நாவலில் படுக்கையில் கிடக்கிற சுந்தர சோழருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசி அவர்தான். கற்பனைப் பாத்திரம் எது, கல்வெட்டில் உள்ள ஆள் எது என்று மகள் கேட்கத் தொடங்கினால், அவளுடைய வரலாற்றுப் பாடம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் நயினாதீவுக்குப் போவீர்கள் என்றால் மணிமேகலையில் மணிபல்லவப் பகுதி. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் கொள்கிறார்கள். உறக்கத்தில் தூக்கிவரப்பட்ட பெண் ஆளில்லாத மணல்தீவில் கண் விழிக்கிறாள், பிறகு கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி கிடைக்கிறது. குறிகட்டுவானில் படகுக்கு நிற்கிற நேரத்துக்குக் கச்சிதமான அளவு. உரைநடையில் இருந்தால் போதும்.

வன்னிக்கு அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தண்ணிமுறிப்புக் காடும் குளமும் மனிதரும். மனைவிக்கு. திரும்பி வரும் வழியில் மாங்குளம் தாண்டும்போது அவர் யன்னலால் பார்க்கிற காடு வேறாக இருக்கும்.

மகனுக்கு ஈழத்துக் கவிஞர் மகாகவியின் ‘குறும்பா’. 1966இல் வந்தது, ஐந்தைந்து வரியில் சிரிப்புப் பாட்டுகள். ஒன்றை இரண்டு தரம் கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாம் தரம் தானே சொல்லும். வளர்ந்தவர்களுக்கான குத்தல் சிலதில் இருக்கிறது, நீங்கள் முதலில் பார்த்துப் பொறுக்கி வையுங்கள். டான் குயிக்ஸாட்டை நான் விடச்சொன்னாலும், அந்த நூலும் அடிப்படையில் ஒரு வழிப்பயணம்தான். எட்டாம் அத்தியாயத்தில் வருகிற காற்றாலைச் சண்டையை வாய்ச்சொல்லாகச் சொல்லுங்கள், மன்னாரில் காற்றாலைகளைக் கண்டதும் அவனே கத்துவான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக யோசித்தேன். அவருக்கு இரவில் நித்திரை குறைவு என்கிறீர்கள். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ கொடுங்கள். 122 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது, எங்கே விட்டாலும் மறுநாள் தொடரலாம். ஏடு தேடி அந்த மனிதர் அலைந்த அலைச்சல் இல்லாவிட்டால், நான் மேலே சொன்ன சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் நாம் இவ்வளவு நல்ல பதிப்பில் வாசித்திருக்க முடியாது. வெளிக்கிடுகிற காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்த்தானே போவீர்கள்? சம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தை அவர் படிக்கட்டும். ஒலிக்கிற கடலின் அலை முத்தைக் கொழித்து ஒதுக்குகிற கோணமாமலை என்று முதல் பாட்டு போய் முடிகிறது. கீழே பாறையில் அலை அடிக்கிற சத்தமும் அந்தச் சந்தமும் ஒன்றாக வரும். நீங்கள் கொண்டுபோகிற எல்லாவற்றிலும் பழமையானவற்றில் ஒன்று அதுதான், எடையோ ஒரு கடதாசி.

கணக்குப் பார்த்தால் ஏழெட்டுப் புத்தகம் வருகிறது, ஆனால் பாதி மெல்லியது. பெட்டிக்குள் அடுக்காதீர்கள், எடுக்கமாட்டீர்கள். கையெட்டும் இடத்தில் ஒரு துணிப்பையில் தொங்கவிடுங்கள். டாஷ்போர்டில் மட்டும் வைக்க வேண்டாம். ஒருமுறை கந்தளாயில் சாப்பிட இறங்கிய நேரத்துக்குள் என்னுடைய குறுந்தொகையின் முதுகுப் பசை வெயிலில் உருகி, திரும்பி வந்து எடுத்தபோது நடுவிலிருந்து ஒரு கற்றைத் தாள் கையோடு வந்துவிட்டது. இன்றைக்கும் நூல் கட்டித்தான் வைத்திருக்கிறேன். அப்புறம், நிலாவெளி மணலும் உப்புக்காற்றும் தாளுக்குக் கூடாது. கடற்கரைக்குப் போகும்போது பையை வானிலேயே விட்டுப் போங்கள்.

அந்தக் குறுந்தொகையைத்தான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். நாலு வரியிலிருந்து எட்டு வரி வரையான பாட்டுகள், வானுக்கு இதைவிடப் பொருத்தமான நூல் தமிழில் இல்லை. எட்டாம் நாள் வவுனியாவில் தேத்தண்ணி குடிக்க இறங்குவீர்கள். வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட இருக்கும், எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள். அங்கே 189ஆம் பாட்டை எடுங்கள். ஈழத்துப் பூதன்தேவனார் பாடியது, சங்கப் புலவர்களில் நம் நாட்டின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். “இன்றே சென்று வருதும் நாளை” என்று தொடங்கும். ஒருவன் தேர்ப்பாகனிடம் பேசுகிறான்: மலையிலிருந்து அருவி இறங்குவது போலத் தேர் பாயட்டும், பிறை போன்ற சில்லு, வானத்திலிருந்து எரிகொள்ளி விழுவது போல, பச்சைப் பயிரை அறுத்துக்கொண்டு ஓடட்டும், காற்றின் வேகத்தில் போய் மாலைக்குள் வீடு சேர்ந்து அவளைக் காண வேண்டும். ஏழு வரிதான்.

வான் சாரதியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். பயிரை அறுக்கிற வேகம் மட்டும் வேண்டாம், ஹொரவப்பொத்தானைப் பக்கம் மாலையில் யானை இறங்கும்.